பினாங்கில் பனி பெய்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை

டிசம்பர் வந்துவிட்டால் நம் திறன்பேசிகளில் பனி கொட்டத் தொடங்கிவிடும். டொராண்டோவில் இருக்கும் மாமா, முழங்கால் அளவு பனியை மண்வெட்டியால் தள்ளிக் காரை வெளியே எடுக்கும் காணொளியை அனுப்புவார். லண்டனில் படிக்கும் அக்கா பனிமனிதன் பக்கத்தில் நின்று படம் போடுவார். இங்கே பினாங்கிலோ பேரங்காடிகளில் பஞ்சையும் நுரையையும் தூவி அதுதான் பனி என்று நம்மை ஏமாற்றுவார்கள். நாமும் நின்று படம் எடுத்துக்கொள்வோம். "நம்ம ஊருக்கு ஏது குளிர்காலம்? வெயில், மழை, அவ்வளவுதானே!" என்று சொல்லிக்கொள்வோம்.

இந்த வாக்கியத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் கொடிமலைக்குப் போயிருப்பீர்கள். அடிவாரத்தில் வியர்வை வழிய இரயிலில் ஏறுகிறோம். உச்சியில் இறங்கியதும் உடம்பு இலேசாகிறது. கொடிமலையின் உயரம் 833 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே அடிவாரத்தில் 30 பாகை இருந்தால் உச்சியில் 25 பாகை. இப்போது அதே கொடிமலையை ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு முறை அடுக்குங்கள். 833ஐ 6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,000 மீட்டர். அந்த உயரத்தில் வெப்பம் சுழியம். அதற்கு மேலே எல்லாம் உறைநிலைதான். சபாவில் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையின் உச்சியில் சில விடியற்காலைகளில் பாறைமேல் உறைபனி படிவது இதனால்தான்.

நம் தலைக்கு மேலே எழும் இடிமழை மேகம் எவ்வளவு உயரம் போகும் தெரியுமா? 15 கிலோமீட்டருக்கு மேல். அதாவது கீழே ஒரு பங்கு நீர், மேலே இரண்டு பங்கு உறைநிலை. மேல்பகுதியில் பனிப்படிகங்களும் மென்மையான பனி உருண்டைகளும் நிறைந்திருக்கின்றன. அவை ஒன்றோடொன்று உரசி மோதும்போதுதான் மேகத்தில் மின்னேற்றம் பிரிகிறது, மின்னல் பிறக்கிறது. பனி இல்லாவிட்டால் நமக்கு இவ்வளவு மின்னல் இல்லை. இடிமழையில் உங்கள் சட்டையை நனைக்கும் பெரிய துளிகளில் பல, சில நிமிடங்களுக்கு முன்பு பனியாக இருந்தவை. கீழே விழும் வழியில் உருகி, மழை என்ற பெயரில் நம்மிடம் வந்து சேர்கின்றன. எப்போதாவது உருகுவதற்கு நேரம் போதாமல் போனால், ஆலங்கட்டி மழை பெய்ததாக மறுநாள் செய்தி வரும்.

மழைக்குச் சற்று முன்னால் திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று வீசும், கவனித்திருக்கிறீர்களா? துணி காயப்போட்ட அம்மா "மழை வருது, துணிய எடு!" என்று கத்துவது அந்தக் காற்றைக் கேட்டுத்தான். அது வெறும் காற்று இல்லை. மேலே பனி உருகுவதும் துளிகள் ஆவியாவதும் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றன. குளிர்ந்த காற்று கனமாகி, மழைத்துளிகளோடு சேர்ந்து கீழே விழுகிறது. தரையில் மோதி நான்கு பக்கமும் பரவுகிறது. கடலோரத்தில் மரங்களைச் சாய்ப்பதும் கூரைத் தகரத்தைப் பிய்த்தெறிவதும் பல நேரங்களில் இந்தக் காற்றுதான். பனி, உறைபனி, கடலோரப் பலத்த காற்று என்று குளிர்நாட்டுப் புயலுக்குச் சொல்லும் மூன்றுமே நம்மிடம் இருக்கின்றன. அவை நமக்கு வேறு உருவத்தில் வருகின்றன, அவ்வளவுதான்.

நம் தலைக்கு மேல் இருக்கும் இந்தக் குளிரைத் தவிர, தொலைவிலிருந்து வரும் குளிர் ஒன்றும் இருக்கிறது. நவம்பரிலிருந்து சைபீரியாவில் தரை உறைகிறது. குளிர்ந்த கனமான காற்று அங்கே குவிகிறது, காற்றழுத்தம் ஏறுகிறது. 1968 டிசம்பர் 31ஆம் தேதி சைபீரியாவின் அகாதா என்ற இடத்தில் பதிவான அழுத்தம் 1083.8 ஹெக்டோபாஸ்கல். கடல்மட்டத்தில் வழக்கமான அழுத்தம் 1013 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அது எத்தனை பெரிய குவியல் என்று புரியும். குவிந்தது ஒருநாள் சரியத்தானே வேண்டும்? சீனாவைக் கடந்து தென்சீனக் கடலில் பாய்கிறது. சில நாட்களில் நம் பக்கம் வந்துவிடுகிறது. இதைக் குளிர்காற்றுப் பெருக்கு என்பார்கள். வரும் வழியில் வெதுவெதுப்பான கடல்மேல் ஓடுவதால் குளிர் குறைந்து ஈரம் ஏறிவிடுகிறது. அங்கே பனியாகத் தொடங்கிய பருவம் இங்கே வெள்ளமாக முடிகிறது. 2014 டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைவிட்டு வெளியேறினார்களே, அதற்குப் பின்னாலும் இந்த வடகிழக்குக் காற்றுதான் இருந்தது. தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையை அடைமழைக்காலம் என்று சொல்ல வைப்பதும் வடகிழக்குப் பருவக்காற்றேதான்.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காற்று நேராக வந்து பினாங்கில் மழையைக் கொட்டுவதில்லை. நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. ஈரத்தைக் கிழக்குக் கரையிலேயே பிழிந்துவிடுகிறது. அதனால்தான் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது பெரும்பாலும் வெயிலில் காய்கிறோம். மேற்கே சுமாத்ரா, கிழக்கே தித்திவாங்சா. இரண்டு பக்கமும் மதில் கட்டிய வீடு போல நம் தீவு.

இந்த மதில்தான் நம்மைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன். "நமக்கு வராது" என்ற நினைப்பை அது நமக்குள் வளர்த்துவிட்டது.

பழைய பாடநூல்களில் ஒரு விதி இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குள் வெப்பமண்டலப் புயல் உருவாகாது, ஏனென்றால் புயலைச் சுழற்றிவிடும் அளவுக்குப் பூமிச் சுழற்சியின் விளைவு அங்கே போதாது. விதி பொதுவாகச் சரிதான். ஆனால் 2001 டிசம்பரில் ஒரு குளிர்காற்றுப் பெருக்கு தென்சீனக் கடலில் பாய்ந்து, போர்னியோ அருகே இருந்த ஒரு சுழலோடு சேர்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு வெறும் 1.4 பாகை வடக்கே புயல் ஒன்று பிறந்தது. அதன் பெயர் வாமெய். டிசம்பர் 27ஆம் தேதி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1996 டிசம்பர் இறுதியில், கிரேக் என்ற புயல் சபாவின் கெனிங்காவ் பகுதியில் 200க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டிருந்தது. மலேசியாவுக்குப் புயல் வராது என்று அதற்குப் பிறகும் சொன்னவர்கள் உண்டு.

2025 நவம்பர் இறுதியில் புயல் நம் வாசலுக்கே வந்தது. மலாக்கா நீரிணையிலேயே ஒரு புயல் உருவாகியது. சென்யார் என்று பெயர். சுமாத்ராவுக்குள் போய்விட்டுக் கிழக்கே திரும்பி, தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தொட்டது. சுமாத்ராவில் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். பினாங்குக்காரர்கள் 'கவசம்' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே சுமாத்ராதான். அதே மாதம், நம்மில் பலர் பள்ளி விடுமுறைக்குப் போகும் தென்தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து ஊரே மூழ்கியது. மலேசியச் சுற்றுப்பயணிகள் ஆயிரக்கணக்கில் தங்கும் விடுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். ஹாட்யாய் எங்கோ இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து காரில் போய்வரும் தூரம்தான்.

நம் ஊருக்கே வந்த இரவைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் அப்போது சிறு பிள்ளைகள். அன்று டாம்ரே என்ற சூறாவளி வியட்நாமைத் தாக்கிக்கொண்டிருந்தது. அதற்கும் தனியாக, சிறிய காற்றழுத்தத் தாழ்வு ஒன்று தாய்லாந்து வளைகுடாவைக் கடந்து தீபகற்பத்தின் வடபகுதியை நோக்கி வந்தது. அது பெரிய பெயர் பெற்ற புயல்கூட இல்லை. ஆனால் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. பினாங்கில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர். அதில் எட்டில் ஒரு பங்கு ஒரே இரவில்! மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்தன. கொடிமலையில் மண் சரிந்தது. அதிகாலை 3 மணியளவில் அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங், துணைப் பிரதமரை அழைத்து இராணுவ உதவி கேட்டார். விடிந்தபோது தீவிலும் செபராங் பிறையிலும் ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களில் இருந்தனர். 7 பேர் உயிரிழந்தனர்.

அந்த இரவில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. நவம்பர் 4 பௌர்ணமி, ஐப்பசிப் பௌர்ணமி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி கடல்மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்து தாழும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் பினாங்கு ஆற்றின் வாய் பாதி மூடிய கதவு போலாகிவிடும். ஆயர் ஈத்தாம் மலைச்சரிவிலிருந்து ஓடிவரும் தண்ணீர் கடலில் இறங்க வழியில்லாமல் ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான இடங்களில் பின்வாங்கித் தேங்கும். ஜார்ஜ்டவுனில் பழைய ஆட்கள் மழை வந்தால் முதலில் "கடல் ஏறுதா இறங்குதா?" என்று கேட்பார்கள். அதில் அறிவியல் இருக்கிறது. நம் வெள்ளக் கணக்கில் மழை ஒரு பாதி, நிலா ஒரு பாதி.

மழையின் அளவு என்றால் என்ன என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம், ஏனென்றால் மில்லிமீட்டர் என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. 300 மில்லிமீட்டர் என்றால் பள்ளி அடிக்கோல் ஒன்றின் நீளம். அதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். உங்கள் பள்ளித் திடல் 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,800 கன மீட்டர், அதாவது 18 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு திடலுக்கு மட்டும். மலையும் கூரையும் தார்ச்சாலையும் சேர்ந்த ஒரு நகரத்துக்கு? தண்ணீர் தரையில் சமமாக நிற்பதும் இல்லை. எல்லாம் ஓடி வந்து தாழ்வான தெருவில் ஒன்று சேர்கிறது.

இனிதான் என் உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன்.

2017க்குப் பிந்திய ஒரு மழைக்காலத்தில் நான் ஜெலுத்தோங் பக்கம் வாடகை வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். தமிழ் நன்றாகப் படிப்பார். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு மலாய் தெரியும், எழுத்து வராது. ஒரு மாலை அவருடைய திறன்பேசிக்கு மகள் ஓர் அறிவிப்பை அனுப்பியிருந்தாள். வேலி ஓரம் வந்து, "தம்பி, இது என்ன சொல்லுதுன்னு பாரு" என்று நீட்டினார். மலாய் மொழியில் வானிலை எச்சரிக்கை, ஆரஞ்சு நிறத்தில். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மழை வருமாம் பாட்டி, அவ்வளவுதான்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் வந்தது. மின்சாரம் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் சமையலறை மேசைமேல் உட்கார்ந்திருந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கீழ்த்தட்டு அலமாரியில் இருந்த மருந்துகள், வீட்டுப் பத்திரங்கள், தாத்தாவின் ஒரே கல்யாணப் படம் எல்லாம் சேற்றில் போயின. அந்த அறிவிப்பில் மழை வரும் என்று மட்டுமா எழுதியிருந்தது? இல்லை. எந்த அளவு, எந்தப் பகுதி, எந்த நேரம்வரை என்று எல்லாம் இருந்தது. எழுதியதைப் படிக்கத் தெரிந்தவன் நான். மூன்று மொழி தெரியும் என்று பெருமைப்படுகிறவன். படித்துவிட்டு அதை ஒன்றுமில்லாமல் ஆக்கியவனும் நான்தான்.

அதனால் சொல்கிறேன், இந்த எச்சரிக்கைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடினமே இல்லை. மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கைக்கு மூன்று படிகள். மஞ்சள் என்றால் 'வஸ்பாடா', விழிப்பாக இரு. ஆரஞ்சு என்றால் 'பூருக்', நிலைமை மோசம். சிவப்பு என்றால் 'பஹாயா', ஆபத்து. இடிமழை எச்சரிக்கை வேறு வகை. 'ரிபுட் பெத்திர்' என்று வரும். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை ஒரு மணி நேரத்துக்கு மேல் பெய்யலாம் என்ற அறிகுறி தெரிந்தால் அதைக் கொடுப்பார்கள். ஒருமுறை கொடுத்தால் ஆறு மணி நேரத்துக்குமேல் செல்லாது. ஆகவே காலையில் வந்ததை மாலையில் புலனத்தில் பகிர்வது, நேற்றைய பேருந்துக்கு இன்று காத்திருப்பது போல.

கடலுக்கும் தனி எச்சரிக்கை உண்டு. முதல் வகை என்றால் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர்வரை. இரண்டாம் வகையில் காற்று 60 கிலோமீட்டரை எட்டலாம், அலை 4.5 மீட்டர்வரை எழலாம். மூன்றாம் வகை அதற்கும் மேலே. முதல் வகைதானே என்று சிறிய படகில் மீன்பிடிக்கப் போகக் கூடாது. 3.5 மீட்டர் என்பது ஒரு வீட்டின் தரையிலிருந்து கூரைவரை உள்ள உயரத்தைவிட அதிகம். சிறிய படகுகளுக்கு ஆபத்து என்பதுதான் முதல் வகையின் பொருளே.

ஆற்றைப் பார்ப்பது இன்னொரு துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை. நாம் ஜேபிஎஸ் என்போம். ஆற்றுநீர் மட்டத்தை இணையத்தில் காட்டுகிறார்கள். அங்கே படிகள் நான்கு: நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா. இங்கே எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லாமல் இருக்க முடியாது. வானிலைத் துறையில் 'அமாரான்' என்றால் எல்லா எச்சரிக்கைக்கும் பொதுப்பெயர். ஆற்றுக்கணக்கில் அதே சொல் மூன்றாம் படி, ஆபத்துக்கு ஒரு படி கீழே. மலாய் மொழியில் தேர்ந்தவருக்கே ஒரு கணம் குழப்பம் வரும்போது, ஜெலுத்தோங் பாட்டி என்ன செய்வார்? இரு துறைகளும் உட்கார்ந்து ஒரே சொல்வரிசையை வைத்துக்கொண்டால் என்ன? அறிவிப்பின் கடைசியில், "தரைத்தளத்தில் இருப்பவர்கள் மருந்து, பத்திரங்களை மேலே வையுங்கள், காரை உயரமான இடத்தில் நிறுத்துங்கள்" என்று இரண்டு வரி தமிழிலும் சீனத்திலும் சேர்த்தால் என்ன செலவு? மொழி உரிமை என்ற பெரிய பேச்சாக இதை நான் சொல்லவில்லை. எச்சரிக்கை என்பது போய்ச்சேர்ந்தால்தான் எச்சரிக்கை. சேராவிட்டால் அது அலுவலகக் கோப்பு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வகுப்பில் மாணவர்களே சொல்வார்கள். "சார், ஆரஞ்சுன்னு சொல்றாங்க, ஒரு துளிகூட விழல. எத்தனை தடவை நம்புறது?" புலி வருது, புலி வருது என்ற கதையை நினைவூட்டுவார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கதையில் பையன் பொய் சொன்னான். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. வெப்பமண்டல இடிமழை மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான், ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு அக்கம்பக்கம்தான். எச்சரிக்கையோ மாவட்டத்துக்கு. ஆயர் ஈத்தாமில் சாக்கடை வழிந்து ஓடும்போது தஞ்சோங் பூங்காவில் சாலை காய்ந்து கிடக்கலாம். காய்ந்த சாலையில் நிற்பவர் எச்சரிக்கை பொய்த்துவிட்டது என்கிறார். நனைந்தவருக்கு அப்படிச் சொல்ல நேரமில்லை. பத்து நாள் குடை எடுத்துப் போய் மூன்று நாள்தான் மழை பெய்தது என்றால், மற்ற ஏழு நாளும் குடை வீண் என்று யாராவது அதைத் தூக்கி எறிவார்களா?

குளிர்நாட்டில் இதை எப்படிப் பழகியிருக்கிறார்கள் என்பதைச் சொல்வதற்காகத்தான் டொராண்டோ மாமாவை முதலில் இழுத்தேன். 2013 டிசம்பர் 20 முதல் 22 வரை அந்த நகரத்தில் உறைமழை பெய்தது. பனி மேலே ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கில் உருகி மழையாகி, தரையை ஒட்டிய கடுங்குளிரில் மீண்டும் குளிர்ந்து, எதைத் தொட்டாலும் உடனே கண்ணாடி போல உறைந்துவிடும். மரக்கிளைகள் பாரம் தாங்காமல் மின்கம்பிகள்மேல் முறிந்து விழுந்தன. டொராண்டோவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. கிறிஸ்துமஸ் நாளிலும் பல வீடுகள் இருட்டில். அங்கே வாழும் நம் ஆட்கள் அதற்குப் பிறகு ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். அறிவிப்பில் 'பனி' என்று இருந்தால் மண்வெட்டி, 'உறைமழை' என்று இருந்தால் விளக்கும் போர்வையும் முந்திய நாளே தயார். ஒரு சொல் மாறினால் செய்யும் வேலை மாறுகிறது. பிறந்தது முதல் பனியே பார்க்காதவர்கள் அங்கே போய் இத்தனை நுணுக்கமாகப் படிக்கிறார்கள். பிறந்த ஊரில் நாம் 'ரிபுட் பெத்திர்' என்பதற்கும் 'ஹூஜான் பெர்த்ருசான்' என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் இருக்கிறோம். முதலாவது மின்னலும் திடீர்க் காற்றும், திடலை விட்டு உள்ளே வா என்பது. இரண்டாவது மணிக்கணக்காக நீளும் மழை, அலமாரியைக் காலி செய் என்பது.

புலனத்தில் வரும் "சூறாவளியின் வால் நாளை பினாங்கைத் தாக்கும்" வகைச் செய்திகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தேதி இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை, ஆச்சரியக்குறி மட்டும் ஏழெட்டு இருந்தால் அழித்துவிடுங்கள். மெட்மலேசியாவின் மைச்சுவாச்சா செயலி இலவசம்.

பள்ளிகளிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மழைமானி வைக்காத பள்ளியில் மழையைப் பற்றிய பாடம் எப்படி ஏறும்? பெரிய கருவி வேண்டாம். நேரான பக்கமுள்ள ஒரு தகர டப்பா, ஓர் அடிக்கோல், மரமும் கூரையும் மறைக்காத ஓர் இடம். தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து, சபைகூடல் நடக்கும் இடத்தில் பலகையில் எழுதுங்கள். அளந்ததும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும். ஒரு பருவம் எழுதினாலே 20 மில்லிமீட்டர் எப்படி இருக்கும், 80 மில்லிமீட்டர் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் அன்றைய கடல் ஏற்ற நேரத்தையும் எழுதினால், எந்த நாளில் எந்தத் தெரு மூழ்கும் என்று உங்கள் வகுப்பே ஓரளவு சொல்லிவிடும். தேர்வுக்கு இது வராது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்தப் பாட்டி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அலமாரியின் கீழ்த்தட்டில் இப்போது வெறும் பாத்திரங்கள்தான். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அவர் பேத்தி படிவம் இரண்டில் படிக்கும்போது எழுதியது. மூன்று வண்ணக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நேராகப் பெரிய தமிழ் எழுத்தில் இரண்டு வரி. மஞ்சளுக்கு: 'மருந்துப் பை மேசைமேல், கைவிளக்கு எரிகிறதா பார்.' ஆரஞ்சுக்கு: 'பத்திரம் மாடி வீட்டு அக்காவிடம், அப்பாவுக்குப் போன்.' சிவப்புக்கு: 'காத்திருக்காதே பாட்டி, கிளம்பு.' போன ஐப்பசியில் ஒருநாள் வானம் கருத்து வந்தபோது நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். என்னைக் கண்டதும் மழை வருமா என்று அவர் கேட்கவில்லை.

"தம்பி, இன்னிக்கு என்ன கலர்?" என்றார்.